கொண்டச்சிக்கு நேரே

"கொண்டச்சிக்கு நேரே, எட்டுப் பாகம் ஆழத் தண்ணி. அங்கதான் கல்லு வலையில ஏறினது. எத்தினை தரம் கேப்பாய்?" என்றார் பஸ்தியாம்பிள்ளை. கிழிசல் பொத்திக்கொண்டிருந்த வலையிலிருந்து தலையைத் தூக்கவில்லை. பக்கத்துக் கதிரையில் பிளேன்ரீ குடித்துக்கொண்டிருந்த அவருடைய தம்பி வின்சன்ட், "ஓம் ஓம், அண்ணன் எனக்கும் அப்பிடித்தான் சொன்னவர்" என்று ஒத்து ஊதினார்.

றொஷேலுக்கு இருப்புக்கொள்ளவில்லை. வாசலுக்கும் வேலிக்குமாகப் பத்துத் தடவையாவது நடந்திருப்பாள். மூன்று வருடத்துக்கு முன் அப்பா கடலிலிருந்து கொண்டுவந்த கருங்கல் அது. நிலவியல் படிக்கிற மகளுக்கு மீனைவிடக் கல்தான் பிடிக்கும் என்று தூக்கி வந்தார். அதில் ஒரு துண்டு வெளிநாட்டு ஆய்வுகூடத்துக்குப் போய், உள்ளே அடைபட்டிருந்த ஆர்கன் வாயுவை அளந்து வயதும் பார்த்தாயிற்று. ஏழரைக் கோடி ஆண்டு. இந்தியாவுக்கும் இலங்கைக்கும் நடுவே நிலம் இழுபட்டுப் பிளந்த காலத்தில், பிளவுக்குள்ளால் ஏறி உறைந்த நெருப்புக்குழம்பு. காலையில் வந்த மின்னஞ்சலில் அந்த வரியைப் படித்தபோது துள்ளிக் குதித்தாள். அடுத்த வரியில் இடி விழுந்தது.

'நீங்கள் தந்த இடம் முத்துச்சிப்பி விளையும் பார். ஆழமில்லாத மணல். எரிமலைக்கல் அங்கே எப்படி வரும்? ஐந்து மணிக்குள் உறுதிசெய்யுங்கள். இல்லாவிட்டால் இந்தக் கல்லை ஆய்விலிருந்து விட்டுவிடுவோம்' என்று பேராசிரியர் எழுதியிருந்தார். வயது தெரிந்து என்ன? எங்கே கிடந்தது என்று தெரிந்தால்தானே பிளவு எந்தப் பக்கமாக ஓடியது என்று சொல்ல முடியும்? அந்தக் கல் போனால் அவளுடைய மூன்று வருடமும் போயிற்று.

பத்து வயதில் கரையில் மீன்கூடையோடு நின்றது நினைவுக்கு வந்தது. "எங்க பட்டது பிள்ளை?" என்று யார் கேட்டாலும், "தெற்கால" என்று சொல்லப் பழக்கியிருந்தார் அப்பா. மேற்கே போன நாளிலும் தெற்குத்தான். தாழ்வுபாட்டுக் கரையில் மீன் படும் கடலடித் திட்டான பார் எங்கே என்று யாரும் யாருக்கும் சொல்வதில்லை, கூடப்பிறந்தவனுக்கும்கூட. அதைப் பொய் என்று நினைத்து எவரும் பாவசங்கீர்த்தனம் செய்ததும் இல்லை. கல் வந்த அன்று கொப்பியும் பேனையுமாக அவள் இடத்தைக் கேட்டபோது, முற்றத்தில் யார் இருந்தார்கள்?

இதே கதிரையில் சித்தப்பாதான் இருந்தார்.

"சித்தப்பா, சித்தி உங்களைத் தேடுறாவாம்."

அவர் கோப்பையை வைத்துவிட்டு எழுந்து போகும்வரை பொறுத்திருந்தாள்.

"இப்ப சொல்லுங்கோ அப்பா."

ஊசி நின்றது. "நீ எழுதினா ஆர் பாப்பினம்?"

"ஆரும் பாக்கலாம். வரைபடத்தில புள்ளி வைப்பினம்."

"றோலர் இழுவைப்படகுக்காறனும்?"

அவரிடம் பொய் சொல்ல வாய் வரவில்லை. "ஓம்."

"மண்டபம் அகதி காம்பால வெறுங்கையோட வந்த வருசம் தேடிப் பிடிச்ச பார் அது. உன்ர அம்மாக்கும் சொல்லேல்லை. றோலர் ரெண்டு தரம் இழுத்தா, பிறகு அங்க ஒண்டும் மிஞ்சாது."

"மூண்டு வருசம் பொய் இடத்தை எழுதிக்கொண்டு திரிஞ்சிருக்கிறன் அப்பா!" கோபத்தில் குரல் உடைந்தது. அவர் காத்த இடத்தைக் கேட்கிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது.

பஸ்தியாம்பிள்ளை எழுந்து உள்ளே போனார். பொலித்தீனில் சுற்றியிருந்த ஜிபிஎஸ் கருவியோடு வந்து, பொத்தானை அழுத்தி அவள் கையில் வைத்தார். திரையில் 'மாதா' என்ற பெயரில் ஒரே ஒரு புள்ளி.

"பாத்து எழுது. என்ர வாயால சொல்லமாட்டன்." முகத்தை வேலிப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

ஐந்துக்கு இன்னும் பத்து நிமிடம். படியில் மடிக்கணினியை வைத்து எண்களை ஒவ்வொன்றாக அடித்தாள். கடைசி எண்ணும் விழுந்தது. அனுப்ப வேண்டியதுதான் பாக்கி.

வேலிப் படலை கிரீச்சிட்டது. "சித்தி தேடேல்லையாமே!" என்று சிரித்தபடி வந்தார் வின்சன்ட். அவள் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார். "என்ன எழுதுறாய் பிள்ளை? கல்லு ஏறின இடமோ?"

"ஓம் சித்தப்பா" என்றாள் றொஷேல். "கொண்டச்சிக்கு நேரே."

அவளுடைய வலது கை, அவள் நினைப்பதற்கு முன்பே விரிந்து, திரையிலிருந்த எண்களை மூடியிருந்தது.