திரைக்குப் பின்னால் ட்ரம்ஸ்

ஷோனா மெக்ராவின் கையெழுத்தை வாங்குவதற்காக ஃபின்லே பேருந்து ஏறி வந்தான். அந்தப் பேருந்தை ஓட்டுகிறவளே அவள்தான். பதினோரு வருடமாக அவன் பாடிவந்த 'ஈர சாக்ஸ்' குழுவில் ட்ரம்ஸ் அடிப்பவளும் அவள்தான். வீட்டுக்குப் போனால் கதவைத் திறப்பதில்லை, கூப்பிட்டால் போனை எடுப்பதில்லை. ஓட்டுநர் இருக்கையில் இருக்கும்போது பிடித்தால் எங்கே எழுந்து ஓடுவாள் என்று யோசித்து, கிளாஸ்கோவின் பார்ட்டிக் நிறுத்தத்தில் கையைக் காட்டி ஏறி, அவள் பக்கத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். கையில் மழையில் நனைந்த ஒரு காகிதம்.

"கீழ ஒரே ஒரு கையெழுத்து, ஷோனா."

"டிரைவரோட பேசக்கூடாதுன்னு உன் மூக்குக்கு நேரா எழுதியிருக்கு. படிக்கத் தெரியும்ல?"

"டூகி போட்டுட்டான். யூவனும் போட்டுட்டான்."

"அது அவனுங்க கை. இது என் கை."

விஷயம் இதுதான். லண்டனில் இருக்கும் ஒரு பெரிய இசை நிறுவனம் ஃபின்லேயை மட்டும் எடுத்துக்கொள்கிறது. இனிமேல் போஸ்டரில் அவன் பெயர், அவன் முகம். மேடையில் அவனும் ஒரு கம்ப்யூட்டரும். நாலு பேரும் சேர்ந்து பதிவு செய்த பழைய பாட்டுகளிலிருந்து ட்ரம்ஸையும் கிட்டாரையும் தனித்தனியாகப் பிரித்தெடுத்து அந்தக் கம்ப்யூட்டர் ஒலிக்கும். அதற்கு வாசித்தவர்களின் சம்மதம் வேண்டும். பாஸ் கிட்டார் வாசித்த டூகிக்கு வீட்டில் இரட்டைக் குழந்தைகள். கிட்டார் வாசித்த யூவன் பள்ளிக்கூடத்தில் வரலாறு சொல்லிக்கொடுக்கிறான். வேனில் அடைந்துகொண்டு ஊர் ஊராகப் போய் இருவருக்கும் அலுத்துவிட்டது. கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். ஷோனா அடித்த அடி ஊரெல்லாம் கேட்க, ஷோனா வீட்டில் உட்கார்ந்து சட்டை மடிக்க வேண்டும் என்றால் அவளால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

முன் இருக்கையில் இரண்டு காய்கறிப் பைகளோடு உட்கார்ந்திருந்த ஒரு அம்மாள் எட்டிப் பார்த்தாள்.

"என்ன தம்பி, வண்டி ஓட்டற பொண்ணைப் போட்டுப் படுத்தறே? விவாகரத்துப் பத்திரமா?"

"இல்லம்மா. நாங்க ஒரு மியூசிக் குரூப்."

"குரூப்பா? இந்தக் காலத்துல யாருப்பா குரூப் வெச்சிருக்கா? எங்க பக்கத்து வீட்டுப் பையன் தனியா ரூம்ல உக்காந்து பாடறான், தனியா அவனே கேட்டுக்கறான். யாருக்கும் தொல்லை இல்ல."

பேருந்தே சிரித்தது. ஷோனாவுக்கும் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு கண்ணாடியைப் பார்த்தாள்.

"அவங்க சொல்றதுதான் நிஜம்" என்றான் ஃபின்லே. "இந்த வருஷ இசை விழா போஸ்டரைப் பாத்தியா? அம்பத்திரண்டு பேரு. அதுல குரூப் எத்தனை தெரியுமா? மூணு. மூணுல ரெண்டு எங்கப்பா காலத்து ஆளுங்க. காலம் மாறிடுச்சு. நான் என்ன பண்ண?"

"அப்ப நாலாவது குரூப்பா நாம போவோம்."

"யாரும் கூப்பிடல ஷோனா. என்னைத்தான் கூப்பிட்டாங்க."

அதைச் சொன்னபோது அவன் குரல் இறங்கிவிட்டது. ஷோனாவுக்குச் சுருக்கென்று குத்தியது. அடுத்த நிறுத்தத்தில் வண்டியை ஓரம் கட்டிக் கதவைத் திறந்தாள்.

"இறங்கு."

"இது என் ஸ்டாப் இல்லியே."

"இன்னிக்கு இதுதான்."

மழையில் இறங்கி நின்றான். காய்கறிப் பை அம்மாள் ஜன்னல் வழியாக அவனுக்கு டாட்டா காட்டினாள்.

கையெழுத்து கிடைக்கவில்லை என்றதும் நிறுவனம் கவலைப்படவில்லை. ஒரு ஆளை வைத்து, ஷோனா அடித்த மாதிரியே கம்ப்யூட்டரில் புதிதாக அடித்து எடுத்துக்கொண்டது. காதுக்கு அச்சு அசல் அதேதான். ஆனால் ஒத்திகையில் ஃபின்லேயின் பாட்டு தடுக்கி விழுந்தது.

அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே மூச்சிரைப்பு. எந்தப் பாட்டிலும் கடைசிச் சரணத்துக்கு முன்னால் ஒரு முழு மூச்சு இழுத்தாக வேண்டும். ஒருநாள் அது சின்னதாக இருக்கும், காற்றில் ஈரம் கூடினால் நீண்டுவிடும். ஷோனா பின்னாலிருந்து அவன் தோளையே பார்த்துக்கொண்டிருப்பாள். தோள் ஏறி இறங்கும்வரை அவள் குச்சி அந்தரத்தில் நிற்கும். பதினோரு வருடமாக இது நடந்தது. யாரும் யாரிடமும் சொன்னதில்லை. பாட்டே அப்படித்தான் என்று ஃபின்லே நினைத்துக்கொண்டிருந்தான், அசடு. கம்ப்யூட்டருக்கு யார் தோளும் தெரியாது. நாலு முறை முயன்றான், நாலு முறையும் அது அவனை விட்டுவிட்டு முன்னால் போய்விட்டது. ஐந்தாவது முறை மைக்கைத் தரையில் போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டான்.

மறுநாள் மத்தியானம் நிறுவனத்திலிருந்து இமோஜன் என்ற பெண் ஷோனாவைக் கூப்பிட்டாள். தேனாகப் பேசினாள்.

"நீங்களே விழாவுக்கு வந்து நேர்ல வாசிச்சுக் குடுங்க, ப்ளீஸ். ஒரே ஒரு சின்ன விஷயம். மேடைக்குப் பின்னாடி கறுப்புத் திரை கட்டுவோம். நீங்க அதுக்கு அந்தப் பக்கம் இருப்பீங்க."

"ஏன், என் மூஞ்சிக்கு என்ன வந்துச்சு?"

"ஐயோ, உங்க மூஞ்சி நல்லாத்தாங்க இருக்கு. ரெண்டாவது மூஞ்சிங்கறதுதான் சிக்கல். போன் திரையில ஒரு மூஞ்சிதான் கொள்ளும்."

இப்படித் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து வாசிக்கிறவர்கள் இன்று எத்தனையோ பேர். முன்னால் ஒற்றை ஆள் நின்று கண்ணை மூடிக்கொண்டு உருகுவார். பின்னால் இருட்டில் மூன்று பேர் வேர்த்துக் கொட்டுவார்கள். ஷோனாவுக்கு அது தெரியும். முடியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். ஆனால் ஐந்து வாரமாக அவள் ட்ரம்ஸைத் தொடவில்லை. சிவப்பு விளக்கில் நிற்கும்போதெல்லாம் விரல்கள் தானாக ஸ்டீயரிங்கில் தட்டிக்கொண்டிருந்தன. சரி என்று சொல்லிவிட்டாள். போனை வைத்த பிறகு தன்மேலேயே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

விழா ஆற்றங்கரைப் பூங்காவில். சாயங்காலம் நாலு மணிக்கு ஃபின்லேயின் முறை. அதிசயமாக வெயில் அடித்தது. கிளாஸ்கோக்காரர்கள் பாதிப் பேர் சட்டையைக் கழற்றிவிட்டு வெந்த இறால் நிறத்துக்கு வந்திருந்தார்கள்.

மேடைப் பின்புறத்தில் சாமான் தூக்கும் ஆட்களுக்குத் தலைவி மேக்ஸ். ஆறடிப் பெண். 'ஈர சாக்ஸ்' இந்த ஊரில் வாசித்த இடத்திலெல்லாம் ஷோனாவின் ட்ரம்ஸை இறக்கி ஏற்றியவள் அவள்தான். திரையைப் பார்த்தாள், ஷோனாவைப் பார்த்தாள்.

"என்னடி இது, பிணத்தையா ஒளிச்சு வைக்கறாங்க?"

"வாயை மூடிட்டு வேலையைப் பாரு, மேக்ஸ்."

"நான் பாக்கறேன். உன்னைத்தான் பாக்க முடியல."

ஷோனாவின் முன்னால் ஒரு குட்டி டிவி வைத்திருந்தார்கள். அதில் ஃபின்லேயின் முதுகு தெரிந்தது. தோளைப் பார்க்க அது போதும். முதல் இரண்டு பாட்டும் நன்றாகவே போயின. அவன் மூச்சு இழுத்தான், அவள் காத்தாள், கூட்டம் ஆர்ப்பரித்தது. ஆர்ப்பரிப்பு கறுப்புத் துணியின் வழியாக அவளுக்குப் பக்கத்து வீட்டுக் கல்யாணம் மாதிரி கேட்டது.

மூன்றாவது 'ஞாயிற்றுக்கிழமைச் சலவை'. அவர்களுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்த பாட்டே அதுதான். இன்வர்னஸ் என்ற ஊரில் ஒரு சலவைக் கடையில், நனைந்த துணி காயும்வரை நாலு பேரும் அரை ஆடையோடு உட்கார்ந்திருந்தபோது பிறந்தது. சலவை இயந்திரம் ஒன்று கால் ஆடிப்போய் தடக்-தட-தடக் என்று குதித்தது. ஷோனா சோப்புத்தூள் டப்பாவில் அதையே தட்டினாள். யூவன் முணுமுணுக்க ஆரம்பித்தான். டூகி சிப்ஸ் வாங்கப் போயிருந்தான். ஆனாலும் பாட்டை எழுதியவர்கள் என்ற இடத்தில் நாலு பெயரும் போட்டார்கள். சிப்ஸ் வாங்கப் போனவனுக்கும் பங்கு உண்டு என்பது அந்தக் குழுவின் சட்டம்.

வழக்கம்போல ஷோனா தடக்-தட-தடக் என்று மெல்ல ஆரம்பித்தாள். அதன்மேல் ஃபின்லே பேசுவான். பேசி முடித்ததும் அவள் குச்சிகளால் படபடவென்று ஒரு உருட்டு உருட்டிக் கொடுத்தால் பாட்டு கிளம்பும்.

"இந்தப் பாட்டு என் பெட்ரூம்ல பொறந்தது" என்றான் ஃபின்லே மைக்கில். இமோஜன் எழுதிக் கொடுத்த வாசகம். "யாருமே இல்ல. நான் மட்டும். தனியா. எல்லாத்தையும் நானே பண்ணினேன்."

ஷோனாவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. திரை போட்டதைக்கூடப் பொறுத்துக்கொண்டாள். இதைப் பொறுக்க முடியவில்லை. கை மட்டும் தாளத்தை விடவில்லை. தலையைத் திருப்பினாள்.

"மேக்ஸ்! சக்கரத்துப் பிரேக்கை எடு."

"என்னது?"

ஒரு ஆள் இறங்கி அடுத்த ஆள் ஏறக் கால் மணி நேரம்தான் என்பதால் ட்ரம்ஸையெல்லாம் சக்கரம் வைத்த பலகைமேல்தான் வைப்பார்கள். தள்ளினால் உருளும்.

"பிரேக்கை எடுத்துட்டுத் தள்ளுன்னேன். முன்னாடி."

"என் வேலை போயிடும்டி!"

"மழையிலயும் பனியிலயும் இதை எத்தனை தடவை தூக்கியிருக்கே? இப்படி ஒளிச்சு வைக்கறதுக்கா தூக்கினே?"

மேக்ஸ் ஒரு நொடி அவளை முறைத்தாள். கையிலிருந்த தேநீரைப் புல்லில் கொட்டினாள். "டேய், வாங்கடா ரெண்டு பேரு, ஒரு கை புடிங்க!"

பலகை உருண்டது. மைக் கம்பிகள் பின்னால் வாலாக இழுபட்டன. கறுப்புத் துணி ஷோனாவின் முகத்தில் ஒருமுறை அறைந்துவிட்டு விலகியது. வெயில். முப்பதாயிரம் பேர். அடித்துக்கொண்டே மேடை நடுவுக்கு வந்து நின்றாள். கூட்டம் கத்தியது பாருங்கள், ஆற்றுக்கு அந்தக் கரையில் இருந்த புறாக்கள் எல்லாம் எழும்பிப் பறந்தன.

ஃபின்லே திரும்பினான். பேயைக் கண்டவன் மாதிரி நின்றான். அவள் அதே தாளத்தை மறுபடியும் அடித்தாள், மறுபடியும் அடித்தாள். உருட்டு மட்டும் வரவில்லை. அது வராமல் அவனால் வாயைத் திறக்க முடியாது. மைக்கைக் கையால் மூடிக்கொண்டு கிட்டே வந்தான்.

"ஷோனா, ஆரம்பி. உன் கால்ல விழறேன்."

"நீ ஆரம்பி. நடந்ததைச் சொல்லு."

மேடை ஓரத்தில் இமோஜன் ஒலியை நிறுத்தச் சொல்லிக் கழுத்தை அறுப்பதுபோல் கையைக் காட்டினாள். ஒலியைக் கவனிக்கிறவன் உதட்டைப் பிதுக்கினான். ட்ரம்ஸ் சத்தத்தை நிறுத்தினால் மிச்சம் என்ன இருக்கிறது? கூட்டம் இதற்குள் தாளத்தைப் பிடித்துக் கை தட்ட ஆரம்பித்துவிட்டது.

ஃபின்லே மைக்குக்குப் போனான். "இது... ஷோனா. ட்ரம்ஸ்."

கூட்டம் கூத்தாடியது. முடிந்தது என்று அவன் திரும்பிப் பார்த்தான். தடக்-தட-தடக். அவள் அசையவில்லை.

"இன்னும் என்னதான் வேணும் உனக்கு? சொல்லிட்டேன்ல!"

"நாலு பேருடா."

"அவனுங்க ரெண்டு பேரும் எழுதிக் குடுத்துட்டானுங்க! அவனுங்களே விட்டுட்டானுங்க ஷோனா!"

"நான் விடல."

கைகள் கடுத்தன. வியர்வை கண்ணில் இறங்கியது. வேண்டுமானால் பொழுது சாயும்வரை இதையே அடிப்பாள், அதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. அது அவனுக்கும் தெரிந்தது. இமோஜன் நின்ற பக்கம் ஒருமுறை பார்த்தான். லண்டன், போஸ்டர், ஒற்றை முகம் எல்லாம் அங்கேதான் நின்றுகொண்டிருந்தது. அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு மைக்கைப் பிடித்தான்.

"நான் இப்ப சொன்னது பொய். இந்தப் பாட்டை நான் தனியா பண்ணல. மெட்டு யூவனுது. இந்தத் தாளம் ஷோனாவுது. டூகின்னு ஒருத்தன், பாஸ் கிட்டார், அன்னிக்கு சிப்ஸ் வாங்கப் போயிருந்தான், இது அவனுதும்தான். நான் பாடறேன், அவ்வளவுதான்." மூச்சு வாங்கியது. "எங்க பேரு 'ஈர சாக்ஸ்'. நாங்க நாலு பேரு."

இமோஜன் காதில் போனை வைத்தபடி படியிறங்கிப் போனாள். ஒப்பந்தமும் அவளோடு போகிறது என்று ஃபின்லேக்குத் தெரியும். அவன் முகம் வெளுத்திருந்தது.

"இப்ப பாடு" என்றாள் ஷோனா. ஒரு உருட்டு உருட்டிப் பாட்டைக் கிளப்பினாள்.