மூன்றாவது ப்ளக்

அவளுக்கு வலது தோள்பட்டை கழன்று விழுவதுபோல வலித்தது. நேற்று அண்ணனை ஒற்றை ஆளாகத் தரையிலிருந்து தூக்கி வேனில் கிடத்தியபோது பிடித்த வலி. தொண்ணூறு கிலோ ஆள். உயிர் இருக்கிறதென்று நினைத்துத்தான் தூக்கினாள். ஆஸ்பத்திரியில் போய்த்தான் தெரிந்தது, பட்டறைத் தரையிலேயே எல்லாம் முடிந்துவிட்டதென்று.

அதே தோளால் இப்போது ஜாக்கியை அமுக்கி, ஸ்டாண்டுகளை ஒவ்வொன்றாக உருவி, சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரைத் தரையில் இறக்கிக்கொண்டிருந்தாள்.

முன்னால் பட்டறை, பின்னால் வீடு. அண்ணனை இரண்டு மணிக்கு எடுக்க வேண்டும். எடுத்துக்கொண்டு போக இருப்பது பட்டறை வழி ஒன்றுதான். அந்த வழியை அடைத்துக்கொண்டு நிற்கிறது பல் டாக்டரின் கார்.

"தள்ளிரலாம்மா," என்றார் பக்கத்துக் கடை டயர்க்காரர். "ஆறு பேரு கை வெச்சா ஆச்சு."

"வாசல் மேட்டைப் பாத்தீங்கல்ல? பாதியில கை நழுவிச்சுன்னா உருண்டு நேரா உள்ளதான் வரும்."

"அதுவும் சரிதான். உங்கண்ணன் மாதிரியே இருக்கு வண்டி. தானா மனசு வெச்சாத்தான் நகரும்." சொல்லிச் சிரிக்கப் போனவர், சட்டென்று நினைவு வந்து வாயைத் துடைத்துக்கொண்டு நகர்ந்தார்.

அவள் பானட்டைத் திறந்தாள். இன்ஜினிலிருந்து நான்கு ஸ்பார்க் ப்ளக்குகளையும் அண்ணன் கழற்றியிருந்தான். பழந்துணியில் மூன்று ப்ளக்குகள் வரிசையாகக் கிடந்தன. மூன்றாவது இடத்திலிருந்தது மட்டும் தள்ளித் தனியாக. பக்கத்திலேயே ஒரு புது ப்ளக், டப்பாவிலிருந்து பாதி எடுத்தபடி.

தனியாகக் கிடந்ததை எடுத்து வெளிச்சத்தில் திருப்பினாள். வெள்ளைப் பீங்கானில் மயிரிழை போல ஒரு விரிசல். அதன் ஓரமாகக் கறுப்புக் கோடு. நெருப்பு போக வேண்டிய வழியில் போகாமல் அந்த விரிசல் வழியாக ஓடிய தடம்.



எட்டு மாதத்துக்கு முன்னால்தான் இந்தக் காருக்குப் புகையைச் சுத்தப்படுத்தும் பழைய கன்வர்ட்டரைக் கழற்றிப் புதுசு மாட்டினார்கள். பல் டாக்டர் காரை விற்றாலும் விற்பார், கன்வர்ட்டர் விலையை மறக்கமாட்டார். "இதுக்கு நான் எத்தனை பல்லு பிடுங்கணும் தெரியுமா?" என்று அன்றைக்குப் பத்து தடவை கேட்டார். அந்தப் புதுசுதான் இப்போது செத்துவிட்டதென்று வண்டி திரும்ப வந்திருக்கிறது. அண்ணன் எப்போதும் சொல்வான்: "கன்வர்ட்டர் தானா சாகாது. எரியாத பெட்ரோலை எவனோ உள்ள அனுப்புறான். மொதல்ல அவனைப் பிடி."

புதுசு மாட்டிய அன்றைக்கு ப்ளக் போட்டது அவள். கடை சாத்தும் நேரம். மூன்றாவது ப்ளக் விரல் நழுவி சிமெண்டுத் தரையில் விழுந்தது. விழுந்த ப்ளக்கைப் போடக்கூடாது. பட்டறையில் காலெடுத்து வைத்த முதல் நாள் அவள் கற்றது அது. ஆனால் வேறு ப்ளக் இல்லை. டாக்டர் சாவிக்காக வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

வண்டிக்கு அடியில் படுத்திருந்த அண்ணன் கேட்டான்: "என்ன விழுந்துச்சு?"

"ஸ்பானர்."

அடியில் போல்ட் முடுக்கும் சத்தம் நின்றது. பிறகு, "ம்" என்றான்.

துடைத்து மாட்டிவிட்டாள்.

இருபத்தைந்து வருஷமாக இரும்பு விழும் சத்தத்திலேயே குடித்தனம் நடத்தியவன். ஸ்பானர் விழுவதற்கும் ப்ளக் விழுவதற்கும் வித்தியாசம் தெரியாதவனா?

புதுசையும் மற்ற மூன்றையும் மாட்டினாள். உடைந்ததைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டாள். ஸ்டார்ட் செய்தாள். கார் எழுந்து, முனகிக்கொண்டே ஓடியது. ஆக்சிலேட்டரை அழுத்தினால் மூச்சடைத்ததுபோலத் திணறியது. மேட்டில் முன்சக்கரம் ஏறியதும் அணைந்து பின்னுக்கு வந்தது. அழுகிய முட்டை நாற்றம் பட்டறையை நிறைத்தது.

மறுபடியும் காரை ஸ்டாண்டில் ஏற்றி, பலகையில் படுத்து அடியில் நுழைந்தாள். சூடு பார்க்கும் துப்பாக்கியைக் கன்வர்ட்டரின் முன்பக்கம் காட்டினாள்: முந்நூற்று எண்பது டிகிரி. பின்பக்கம்: நூற்றைம்பது. வேலை செய்கிற கன்வர்ட்டருக்குப் பின்னால்தான் சூடு கொஞ்சம் தூக்கலாக இருக்கும். ரப்பர் சுத்தியலால் ஒரு தட்டு தட்டினாள். உள்ளே கண்ணாடிச் சில்லு கொட்டுவதுபோலக் கலகலவென்றது. தேன்கூடு மாதிரி இருக்க வேண்டிய உள்பக்கம் உருகி, உடைந்து, புகை போகும் வழியை அடைத்திருக்கிறது. இனி சந்தேகமே இல்லை.

தலைக்கு அருகே இரண்டு பாதங்கள் வந்து நின்றன. அண்ணி.

"இன்னிக்கு இது வேணுமா?"

"வழி வேணும் அண்ணி."

பாதங்கள் நகரவில்லை. "நேத்து காலைல சாப்பிட ரெண்டு தடவை கூப்பிட்டேன். வரலை. 'அவ கேஸ்கெட் வாங்கப் போயிருக்கா, திரும்பி வர்றதுக்குள்ள ஒண்ணை மாத்தி வெச்சிடணும்'னாரு. எதைன்னு கேட்டேன். 'உனக்குப் புரியாது, போ'ன்னுட்டாரு." அண்ணியின் குரல் உடைந்தது. "அப்படி என்னடி அவசரம்?"

அவள் அடியில் கிடந்தபடியே இருந்தாள். சட்டைப்பையில் இருந்த ப்ளக்கைக் கையால் அமுக்கிக்கொண்டாள்.

அண்ணி போன பிறகு, கன்வர்ட்டரின் முன்பக்க போல்ட்டுகளைக் கழற்றினாள். துருப்பிடித்திருந்தன. தோள் அலறியது. புகை முன்னாலேயே வெளியேறட்டும் என்று குழாயை விலக்கி, காரைத் தரையில் இறக்கிவிட்டு வந்து ஸ்டார்ட் செய்தாள்.

கார் உறுமிய உறுமலில் தகரக் கூரை அதிர்ந்தது. உள்ளே அழுகை நின்றுபோயிற்று. யாரோ "ஐயோ" என்றார்கள். கார் ஒரே மூச்சில் மேடேறித் தெருவில் போய் நின்றது. அவள் சாவியைத் திருப்பியதும் தெருவே செவிடானதுபோல இருந்தது.

பல் டாக்டர் அப்போதுதான் வந்து இறங்கியிருந்தார். தன் காரைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், எதைப்பற்றி முதலில் பேசுவதென்று தெரியாமல் நின்றார்.

"நேத்து பத்து மணிக்கு போன் பண்ணாரும்மா. 'ப்ளக்கு போட்டது நான்தான், சரியா பாக்காம போட்டுட்டேன், கன்வர்ட்டர் நானே மாத்தித் தர்றேன்'னாரு. நான் கோவத்துல என்னென்னமோ பேசிட்டேன். அதுக்கப்புறம் ஒரு மணி நேரத்துல..." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அவரு போடலை டாக்டர். நான் போட்டேன்."

"என்னம்மா?"

"கீழ விழுந்த ப்ளக்கு. தெரிஞ்சேதான் போட்டேன். அவர் மேல தப்பில்லை."

டாக்டர் அவளையே பார்த்தார். பிறகு அவள் கையைப் பிடித்து மெல்லத் தட்டினார். "இந்த நேரத்துலயும் அண்ணனை விட்டுக்குடுக்க மாட்டேங்கறே பாரு. பெரிய மனசும்மா உனக்கு."

"இல்ல டாக்டர், நெஜமாவே..."

"விடும்மா. நான் அதை அப்பவே மறந்துட்டேன்." துண்டால் முகத்தை மூடிக்கொண்டு உள்ளே போனார்.

இரண்டு மணிக்கு எடுத்தார்கள். பாடையின் முன்பக்கம் ஒரு ஆள் குறைந்தது. டயர்க்காரர் யாரையோ கூப்பிடத் திரும்பினார். அதற்குள் அவள் போய் வலது தோளைக் கொடுத்தாள்.

"வலிக்குதும்பியே, இடது பக்கம் வாயேன்."

"பரவால்லண்ணே."

பட்டறை வழி திறந்து கிடந்தது. கார் நின்ற இடத்தில் சொட்டு எண்ணெய். அதைத் தாண்டி மேட்டில் ஏறும்போது பாரம் முழுவதும் பின்னால் இருப்பவர்கள் மேல் சரிந்தது. அவள் தோளில் எடையே இல்லாததுபோல இருந்தது. சட்டைப்பையில் ப்ளக் மட்டும் மார்பில் இடித்துக்கொண்டே வந்தது.

டாக்டருக்கு ஒரு கன்வர்ட்டர் பாக்கி. அதைப் போட்டுக் கொடுத்துவிடலாம். என்ன விழுந்துச்சு என்று கேட்டவனுக்கு ஒரு பதில் பாக்கி.