கிணறு எந்தப் பக்கம்?

1

இந்தக் கதை எனக்கு அரியலூர் ரயில்வே ஸ்டேஷன் பெஞ்சில் கிடைத்தது. ரயில் தாமதம். பக்கத்தில் இருந்தவர் குடைக்காம்பால் ஓர் எலுமிச்சம்பழத்தைத் தட்டி இன்னொரு எலுமிச்சம்பழத்தின்மேல் மோதவிட முயன்றுகொண்டிருந்தார். மோதவில்லை. "மாசி மாசம் பாருங்க, அப்படித்தான்" என்றார். எனக்கு விளங்கவில்லை. விளங்காததைக் கதையாக எழுதுவது எங்கள் பி.ஏ. வகுப்பின் மரபு. அவர் பாதி சொல்வதற்குள் ரயில் வந்துவிட்டது. மீதிப் பாதி என் கைச்சரக்கு.

முதல் வாக்கியத்தை மூன்று முறை எழுதினேன்.

"1949-ஆம் ஆண்டு, மாசி மாதம், அரியலூர் வானில் கருமேகங்கள்—" (வேண்டாம். மாசியில் அரியலூரில் மேகம் ஏது?)

"ஸ்நூக்கர் என்னும் ஆங்கிலேய விளையாட்டானது—" (வேண்டாம். 'ஆனது' என்று ஆரம்பித்த எதையும் நான் முடித்ததில்லை.)

"சிங்காரவேலுவுக்கு ஸ்நூக்கர் ஆட வராது, சொல்லித்தர வரும்." (இது இருக்கட்டும்.)

2

சுதந்திரம் வந்த கையோடு ரயில்வே எஞ்சினியர் துரை ஊருக்குக் கிளம்பினார். பங்களாச் சாமான்கள் ஏலத்துக்கு வந்தன. கிராமபோன் வாங்கப் போன அமிர்தலிங்கம், ஏலக்கூடத்து உணர்ச்சிவேகத்தில் ஸ்நூக்கர் மேசையை வாங்கிவிட்டார். நிலபுலம் உள்ளவர், வாங்கியதைத் தப்பு என்று சொல்லும் பழக்கம் இல்லாதவர். மேசை அவருடைய பருத்திக் கிடங்கில் இறங்கியது. மேலே பச்சைத் துணி, அடியில் கனத்த கற்பலகை. கூடவே துரையின் பட்லர் சிங்காரவேலுவும் வந்து இறங்கினார்.

(தெரியாதவர்களுக்கு: கோலால் வெள்ளைப் பந்தை அடித்து, அதைக்கொண்டு மற்றப் பந்துகளை மேசையின் ஆறு பைகளில் தள்ள வேண்டும். கறுப்புப் பந்து கடைசி. எனக்கும் இவ்வளவுதான் தெரியும்.)

பட்லர் கோலைத் தொட்டால் வெள்ளைப் பந்தே பைக்குள் போய்விடும். ஆனால் அடுத்தவன் பந்து ஏன் போகவில்லை என்பதைப் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவார். "முழங்கைய ஆட்டாத. மூச்ச விடாத. நீ என்ன தயிரா கடையற?"

அந்தத் தயிர் கடைந்தவன் செல்லப்பன். குன்னத்துக்காரன், இருபது வயது. வெங்காய வண்டியோடு வந்தவன் ஒருநாள் கிடங்குக்குள் எட்டிப்பார்த்தான். மாடுகள் தாமாக ஊர் போய்ச் சேர்ந்தன.

3

இனி சிங்காரவேலுவின் பயிற்சி முறை. கட்டுரை நடையில் எழுதலாம் என்றிருக்கிறேன். 'அரியலூர்க் கரிசல் மண் மழையில் உப்பி, வெயிலில் வெடிக்கும் இயல்பினதாகலின்—'

(முடியவில்லை. நேராகச் சொல்லிவிடுகிறேன்.)

மண் உப்பினால் கிடங்குத் தரை ஒரு பக்கம் தூக்கும். வெடித்தால் மறுபக்கம் இறங்கும். மேசையும் கூடவே சாயும். துரை பங்களாவிலும் இதே மண், இதே கதை. சிங்காரவேலு ஆயுளில் வேறு மேசையைப் பார்த்ததில்லை. ஆகவே உலகத்து ஸ்நூக்கர் மேசைகள் எல்லாம் மாதத்துக்கு மாதம் சாய்வது ஆட்டத்தின் விதி என்றே நம்பியிருந்தார்.

"ஆடியில தெருப்பக்கம் ஒரு விரக்கடை தள்ளி அடி. மாசியில கிணத்துப்பக்கம் ஒரு விரக்கடை. தெரியாமயா தொர ஆடுனாரு?"

"அப்ப லண்டன்லண்ணே?"

"அங்கயும் மாசி உண்டுல்ல? போடா."

ஐப்பசி முதல் மழைக்குப் பின் ஒரு வாரம் தரை சமமாக நிற்கும். பந்து எந்தப் பக்கமும் ஒதுங்காது. சிங்காரவேலு இதைக் கோளாறு என்று கருதி அந்த வாரம் வகுப்புக்கு விடுமுறை விட்டுவிடுவார்.

4

இந்த இடத்தில் புஷ்பவல்லி என்றொரு பெண் இருந்தாள். அமிர்தலிங்கத்தின் மகள், சிங்காரவேலுவின் இரண்டாவது மாணவி, செல்லப்பனைவிடக் கெட்டிக்காரி. ஆனால் கதை திருச்சியில் உள்ள ஒரு கிளப்புக்குப் போக வேண்டும். (பெயர் சொல்லமாட்டேன். அங்கே டீ நன்றாக இருக்கும் என்கிறார்கள்.) அதன் வாசலில் 'பெண்களுக்கு அனுமதி இல்லை' என்று பலகை. அவளோடு கதை வாசலைத் தாண்டவில்லை. எனவே அவளைக் கோடு போட்டு அடித்துவிட்டேன்.

("ஏங்க கதாசிரியரே, பலகைய அடிச்சா ஆவாதா?"

"அது கிளப் சொத்தும்மா."

"நான் ஒங்க சொத்தா?")

கேள்வி பாடத்தில் இல்லாதது. தாண்டிப்போகிறேன்.

5

தகராறு பருத்தியால் வந்தது. விளைச்சல் அமோகம், கிடங்கில் இடமில்லை.

"பஞ்சு வந்து எறங்கப் போவுது" என்றார் அமிர்தலிங்கம். "திருச்சி பந்தயத்துல போய் ஒரு கப்பு கொண்டாங்க, மேச இருக்கட்டும். இல்லன்னா கட்டைய அடுப்புக்கு வெச்சுட்டு, கல்லக் கிணத்தடியில துவைக்கப் போட்டுருவேன். நல்ல கல்லு."

அரியலூர், பெரம்பலூர் இரண்டு தாலுகாவுக்கும் இருந்தது அந்த ஒரே மேசை. செல்லப்பன் அன்று சாப்பிடவில்லை. சிங்காரவேலு அவன் பங்கையும் சேர்த்துச் சாப்பிட்டுவிட்டு, "பந்தயம் மாசியிலதான். நம்ம கையில மாசி இருக்குடா" என்றார்.

திருச்சி கிளப்புக்குள் நுழைந்ததும் செல்லப்பன் கேட்ட முதல் கேள்வி:

"கிணறு எந்தப் பக்கங்க?"

கால் கழுவத்தான் கேட்கிறான் என்று நினைத்து, கிளப் காரியதரிசி கிருஷ்ணமூர்த்தி பின்பக்கம் கைகாட்டினார். செல்லப்பன் திசையை மனத்தில் வைத்துக்கொண்டு, அந்தப் பக்கமாக ஒரு விரற்கடை தள்ளி அடித்தான். பந்து பையை ஒரு விரற்கடையில் தவறவிட்டது. அடுத்ததும். அதற்கடுத்ததும்.

"மேச கோணலா இருக்குங்க" என்றான்.

கிருஷ்ணமூர்த்தி ரசமட்டத்தை எடுத்துவந்து மேசைமேல் வைத்தார். குமிழி நட்டநடுவில் நின்றது.

"அதான் சொல்றேன்" என்றான் செல்லப்பன்.

முதல் ஆட்டம் தோல்வி. இரண்டாவதில் அவன் குறிவைத்த பந்து எதுவும் விழவில்லை. குறிவைக்காதவை வரிசையாக விழுந்தன. வெற்றி. (நம்பக் கஷ்டமாக இருக்கிறதா? எலுமிச்சம்பழக்காரர் சத்தியம் செய்த பாதியில் வருகிறது இது.)

மிச்சம் ஒரே ஆட்டம். அணியில் யார் வேண்டுமானாலும் ஆடலாம் என்பது விதி.

6

இடைவேளை. சிங்காரவேலு ரசமட்டத்தையே வெறித்துக்கொண்டிருந்தார்.

"டேய், ஐப்பசியில ஒரு வாரம் மேச இப்படி நின்னுச்சே. அந்த வாரத்து ஆட்டத்த ஆடுடா."

"அந்த வாரம் நீங்க லீவு வுட்டீங்கண்ணே. நான் கடலை புடுங்கப் போயிட்டேன்."

இங்கே என் பேனா நின்றது. சமமான மேசையில் ஆடத் தெரிந்த ஆள் கதையில் யாருமே இல்லை.

"அந்த வாரம் பூரா கெடங்குல ஆடுனது நானு" என்று அடைப்புக்குறிக்கு வெளியே ஒரு குரல். புஷ்பவல்லி. பெண்கள் பெட்டியில் ஏறி இவர்கள் வந்த அதே ரயிலில் வந்திருக்கிறாள், நான் கவனிக்கவில்லை. கிளப் வாசலில் நிற்கிறாள். காவல்காரர் தங்கசாமி குறுக்கே நிற்கிறார்.

"பொம்பளைங்க உள்ள போவக்கூடாதும்மா. பலகையப் பாருங்க."

"நான் பொம்பளையே இல்லீங்க. ஆளே இல்ல. நாலாம் பாகத்துலயே அடிச்சிட்டாரு. இல்லாத ஆள நீங்க எப்படித் தடுப்பீங்க?"

தங்கசாமி பலகையைப் படித்தார். இல்லாத பெண்களைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. தலையைச் சொறிந்துகொண்டு விலகினார்.

செல்லப்பன் கோலை அவளிடம் நீட்டினான். "யாரு அடிச்சா என்னாங்க, கல்லு கிணத்தடிக்குப் போவாம இருந்தா சரி."

7

என் வசம் மூன்று முடிவுகள் இருக்கின்றன.

(அ) புஷ்பவல்லி ஜெயிக்கிறாள். கப்பை அமிர்தலிங்கம் வாங்கிப் பார்த்து, "இதுல எத்தன படி புடிக்கும்?" என்கிறார்.

(ஆ) தோற்கிறாள். அந்தக் கல்லில் வேட்டி நன்றாக வெளுக்கிறது. சிங்காரவேலு துவைப்பவர்களின் முழங்கையைத் திருத்துகிறார்.

(இ) கிளப் பற்றி எரிகிறது. (கதாசிரியர் களைத்துவிட்டால் இது. நான் களைக்கவில்லை.)

மூன்றையும் அவளிடம் காட்டினேன். கடைசிக் கறுப்புப் பந்துக்குக் குனிந்திருந்தவள் நிமிரவே இல்லை.

"தள்ளி நில்லுங்க. வெளிச்சத்த மறைக்கிறீங்க."

தள்ளி நின்றேன். அடித்தாள். நேராகவே அடித்தாள், எந்தப் பக்கமும் தள்ளாமல். கறுப்பு நிதானமாக உருண்டு, பையின் உதட்டில் போய், பாதி உள்ளேயும் பாதி வெளியேயுமாக நின்றுவிட்டது. சிங்காரவேலு மூச்சு விடவில்லை. செல்லப்பனும் விடவில்லை.

நான் ஊதினால் விழுந்துவிடும். ஆனால் கதாசிரியர் ஊதுவது அழுகுணி ஆட்டம் என்று கிருஷ்ணமூர்த்தி விதிப்புத்தகத்தைப் புரட்டிக் காட்டுகிறார். வாங்கி முழுக்கப் படித்துப் பார்த்தேன்.

வாசகர் ஊதுவதைப் பற்றி அதில் ஒரு வார்த்தையும் இல்லை.