மூச்சு வரும்வரை

நட்ட நடுப்பகலில் இராயப்பு பாயில் உட்கார்ந்து, இல்லாத வலையொன்றை இழுத்துக்கொண்டிருந்தான். இரண்டு கைகளும் மாறி மாறி வெறுங்காற்றைப் பிடித்தன. கிணற்றடியிலிருந்து வந்த மக்டலின், புருஷன் ஏதோ விளையாடுகிறான் என்றுதான் முதலில் நினைத்தாள். கிட்டப் போய்ப் பார்த்தால் அவன் கண்மணிகள் விரிந்து கண் முழுக்கக் கறுப்பாக இருந்தன. முகம் சிவந்து, உதடு காய்ந்து வெடித்திருந்தது. அடுப்படியில் ஒரு தகரப் பேணி கவிழ்ந்து கிடக்க, அதன் அடியில் அவிந்த ஊமத்தம் இலை ஒட்டியிருந்தது.

அது அறுபத்துமூன்றாம் ஆண்டு மாரி. வாவி பெருகி மூன்று நாளாகத் தோணி ஓடவில்லை. மூச்சிழுக்கும் முட்டு வருத்தத்துக்கு அவன் விழுங்கும் வெள்ளைக் குளிசை தீர்ந்துவிட்டது. வாங்குவதென்றால் அக்கரைக்குத்தான் போக வேண்டும். பாய் விற்க வரும் ஏறாவூர் ஹவ்வா உம்மா எப்போதோ கொடுத்த காய்ந்த ஊமத்தம் இலை கொஞ்சம் கிடந்தது. சுருட்டிப் பற்றவைத்து இரண்டு இழுவை, அதற்கு மேல் கூடாது என்று அவள் சொல்லிச் சொல்லித்தான் கொடுத்திருந்தாள். காலையில் இரண்டு இழுவை இழுத்தும் இளைப்பு அடங்கவில்லை. மக்டலின் அந்தப் பக்கம் போனதும் மீதியை அவித்துக் குடித்துவிட்டான்.

இந்த இரண்டு வருடத்தில் அவனுடைய மூச்சுக்காக அவள் செய்யாதது இல்லை. தண்ணீர் தெளிக்காமல் வாசல் கூட்டமாட்டாள். அடுப்பைப் பின்தாழ்வாரத்துக்கு மாற்றியிருந்தாள். பஞ்சுத் தலையணையைத் தூக்கிப் போட்டுவிட்டுப் பழஞ்சேலையை மடித்து வைத்தாள். கோயிலில் சாம்பிராணி போடுகிற பூசைகளுக்கு அவனைக் கூட்டிக்கொண்டு போவதில்லை. நெஞ்சு விசிலடிக்குமுன்னமே, அவன் தோள் ஏறுவதை வைத்து அவளுக்குத் தெரிந்துவிடும். போய் முதுகுப்புறம் உட்கார்ந்து தடவிவிடத் தொடங்குவாள்.

"யோசேப்" என்று கூப்பிட்டான் இராயப்பு.

யோசேப் அவளுடைய தம்பி. போன வருடம், இருபத்தொரு வயதில், ஒரு விடியற்காலை தனியாக மீனுக்குப் போய் வாவியில் செத்தவன்.

"தோணியப் பிடி யோசேப். விட்டுராத. எனக்கு மூச்சு வருதில்ல. நான் கரைக்குப் போய் ஆக்களக் கூட்டிட்டு வாறன். கத்தாத மனே, பிடி."

மக்டலினின் இடுப்பிலிருந்த குடம் சரிந்து தண்ணீர் மண்தரையில் ஓடியது. அவன் அதைப் பார்த்துக் காலை மடக்கிக்கொண்டான்.

தம்பி தனியாகத்தான் போனான் என்று ஊர் முழுக்கச் சொன்னது. அன்று அவள் முதற்பூசைக்குப் போய்த் திரும்பியபோது இராயப்பு வாசற்படியில் இளைத்துக்கொண்டிருந்தான். தலை முழுக்க ஈரம். மழையில் நனைந்துவிட்டேன் என்றான். மழையும் பெய்துகொண்டுதான் இருந்தது. தன் சேலைத் தலைப்பாலேயே அவன் தலையைத் துவட்டி, கோப்பி போட்டுக் கொடுத்தாள். தோணி கவிழ்ந்து கிடப்பதை ஆட்கள் கண்டு வந்து சொன்னபோது வெயில் ஏறிவிட்டது. அதுவரையும் அவன் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான். அவள் அவனுடைய முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள்.

அயலவர்கள் வந்து அவனைப் பிடித்துப் படுக்க வைக்கும்போது பேச்சு வெறும் முனகலாகத் தேய்ந்திருந்தது. அவன் என்ன சொன்னான் என்று அவள் யாருக்கும் சொல்லவில்லை. மறுநாள் தோணி ஓடியது. குளிசை வாங்கத் தானே போனாள். தோணியில் இருந்தபோது ஒருமுறையும் தண்ணீரைப் பார்க்கவில்லை. திரும்பி வந்தபோது அவன் எழும்பி உட்கார்ந்திருந்தான். கண்மணிகள் சிறுத்துப் பழையபடி ஆகியிருந்தன. நேற்று நடந்தது எதுவும் நினைவில்லை என்றான்.

"நான் வாய்க்கு வந்தபடி என்னவும் அலம்பினனா புள்ள?"

அவள் குளிசைப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டே சொன்னாள்.

"யோசேப்போட கதைச்சீங்க."

என்ன கதைத்தேன் என்று அவன் கேட்கவில்லை. அவளைப் பார்த்தான்; தரையைப் பார்த்தான். தோள்கள் மெல்ல ஏறின. கழுத்துக் குழி உள்ளே இழுத்தது. இரண்டு கைகளையும் முழங்காலில் ஊன்றி முன்னால் குனிந்தான். நெஞ்சுக்குள் பூனைக்குட்டிபோல் ஒன்று கத்தத் தொடங்கியது.

அன்றைக்கும் இப்படித்தான் கரையேறியிருப்பானோ? கூப்பிடக் குரல் வராமல்தான் இருந்தானோ? அப்படியென்றால் குரல் வந்த பிறகு ஏன் சொல்லவில்லை?

குளிசையை அவன் நாக்கில் வைத்தாள். தண்ணீர்க் கோப்பையை வாயருகே பிடித்தாள். விழுங்கினான். அவளுடைய கை, பழக்கத்தில், அவன் முதுகுக்குப் போய்விட்டது. எடுத்துக்கொண்டாள். பின்னால் உட்காராமல், அவனுக்கு நேரெதிரே சம்மணமிட்டு உட்கார்ந்தாள்.

"மூச்சு வரட்டும்" என்றாள். "பிறகு சொல்லுங்க."

கூரை விளிம்பிலிருந்து நேற்றைய மழை சொட்டிக்கொண்டிருந்தது. அவனுடைய விலா எலும்புகள் ஒவ்வொன்றாகத் தெரிந்தும் மறைந்தும் கொண்டிருந்தன. நெஞ்சின் விசில் கொஞ்சங்கொஞ்சமாக மெலிந்து வந்தது. மக்டலின் அவன் உதட்டை விட்டுக் கண்ணை எடுக்காமல் இருந்தாள்.