கிடாவைத் தின்னது யாரு

எனக்கு யாரையும் சட்டுனு நம்ப வராது. பால்காரன் ஊத்தறப்பவே தண்ணி கலந்திருக்கானான்னு அவன் மூஞ்சியப் பார்ப்பேன். "உனக்கு உடம்பெல்லாம் சந்தேகம்டி"ம்பாரு எங்க வூட்டுக்காரரு பக்கிரி. சொல்லிட்டுப் போகட்டும். ஆனா அந்த முதலை விஷயத்துல மட்டும் மொதல்ல நானும் ஊரோட சேர்ந்துதான் கத்துனேன்.

போன மழையில ஆத்துத் தண்ணி வாய்க்கா வழியா எங்க ஏரிக்கு வந்தப்ப அதுவும் கூடவே வந்துடுச்சு. ஒரு ஆளப் போல ரெண்டு மடங்கு நீளம் இருக்கும். வெயில் ஏறுனா மதகுப் பக்கத்துல மண்திட்டு மேல வாயப் பொளந்துக்கிட்டுக் கெடக்கும். பொம்பளைங்க நாங்க படித்துறையில எறங்கறதையே வுட்டுட்டோம். பயம் இல்லாம இருக்குமா?

அப்பதான் என் கிடா காணாமப் போச்சு. சும்மா கிடா இல்ல. எம் பொண்ணு பிரியதர்ஷினி பிரசவத்துல செத்துப் பொழச்சவ. மூலக்குளத்துல அவ வூட்டுலேர்ந்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடறப்ப, "என் புள்ளய மட்டும் திருப்பிக் குடுத்துடு, கிடா வெட்டறேன்"னு ஏரிக்கரை முனீஸ்வரனுக்கு நேர்ந்துக்கிட்டேன். அவ பொழச்சதும் குட்டி வாங்கி, கழுத்துல மணி கட்டி அவுத்து வுட்டேன். நேர்ந்து வுட்ட கிடா எவன் கொல்லையில மேஞ்சாலும் ஒருத்தனும் குச்சியெடுக்க மாட்டான். திருடற பேச்சுக்கே எடமில்ல. தொட்ட கை வெளங்காமப் போயிடும்னு பயம்.

அதனால ஊர்ல ஒருத்தரும் ஒரு மனுசன் பேரக்கூடச் சொல்லல. "சாமி கிடாவ மனுசன் தொடுவானா? முதலைதான்!"னாங்க. நானும் ஏரியப் பார்த்து மண்ண வாரித் தூத்துனேன்.

ஏரியில மீன் குத்தகை எடுத்திருக்கிற புகழ்வேந்தன் வூட்டுக்கே வந்துட்டான். "யக்கா, நேர்ந்துக்கிட்டவ நீ. நீ ஒரு வார்த்தை சொல்லு, முடிச்சுடறோம். முதலையக் கொன்னா ஜெயிலுதான். ஆனா சாமி காரியம்னா ஊர்ல எவனும் வாயத் தொறக்க மாட்டான்." ஞாயித்துக்கிழம கோயில்ல கூடறதா முடிவாச்சு.

அவன் போனதும் எனக்கு உறுத்த ஆரம்பிச்சுது. இவனுக்கு என் கிடா மேல இன்னா இம்மாம் பாசம்? அவன் மீன முதலை தின்னுதுன்ற எரிச்சல். சரி, அது புரியுது. எங்க வூட்டுக்காரருக்கு இன்னா வந்துச்சு? பல்லி வுழுந்து செத்தாலே "அய்யோ பாவம்"ங்கிற ஆளு, இப்ப கடப்பாரையத் தீட்டிக்கிட்டு ஒக்காந்திருக்காரு. "மணியோட முழுங்கிடுச்சுப்பா, மணியோட!"ன்னு போறவன் வர்றவன்கிட்டல்லாம் சொல்றாரு. கூட நின்னு பார்த்த மாதிரி.

நான் ஏரிக்கரைக்குப் போனேன். சேத்துல முதலை வவுறு தேச்ச தடம் இருந்துச்சு. ஆட்டுக் குளம்புத் தடம் ஒண்ணு இல்ல, ரத்தம் இல்ல, ஒரு முடி இல்ல. அது பாட்டுக்குத் திட்டு மேல கெடந்துச்சு. பார்த்ததும் எனக்குப் பயந்தான் வந்துச்சு. பாவம்னுலாம் ஒண்ணும் தோணல. தூர நின்னுக்கிட்டே, "நீதான் தின்னியா?"ன்னு கேட்டேன். கண்ண மூடித் தொறந்துச்சு, அவ்வளவுதான்.

மறுநாள் அவரு குளிக்கப் போனப்ப அவரு டிவிஎஸ் வண்டிப் பெட்டியத் தொறந்தேன். அழுக்குத் துணிக்குள்ள மணி இருந்துச்சு.

தலையத் தொவட்டிக்கிட்டு வந்தவரு முன்னாடி அதத் தூக்கிக் காட்டுனேன். "யோவ், முழுங்குன முதலை உன் வண்டியில வந்து கக்கிட்டுப் போச்சா?"

அப்படியே குந்திட்டாரு. திருக்கனூர்ல கொண்டுபோய் வித்துட்டாராம். சாராயத்துக்கு. "எப்படியும் வெட்டப் போற கிடாதானேடி. முனீஸ்வரன்கிட்ட நான் பேசிக்கிறேன். ஊர்ல மட்டும் சொல்லிடாத, தலைகாட்ட முடியாது"ன்னு காலப் புடிக்க வந்தாரு.

எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. எம் பொண்ணு உயிருக்கு ஈடா நின்ன கிடாவக் குடிச்சுட்டு வந்திருக்கான் பாவி. ஆனா சொன்னா இந்த ஆளு ஊர்ல எப்படி நடப்பாரு? பொண்ணு மாமியா வூட்டுல இன்னா பேசுவாங்க? சொல்லலன்னா ஒரு பாவமும் அறியாத ஜீவன் சாவும், அதுவும் என் வாய் வார்த்தையில.

ஞாயித்துக்கிழம கோயில் முன்னாடி ஆம்பளைங்க கடப்பாரை, கழி, கயிறுன்னு நின்னாங்க. கூட்டத்துல பக்கிரி என்னப் பார்த்துக் கண்ணாலயே கெஞ்சுனாரு.

"சொல்லுக்கா"ன்னான் புகழ்வேந்தன்.

"முதலை திங்கல. எம் புருசன் வித்துட்டாரு"ன்னு சொல்லி, மணிய முனீஸ்வரன் காலடியில போட்டேன்.

புகழ்வேந்தன்தான் மொதல்ல தேறுனான். "சரிக்கா, இதத் திங்கல. எப்படியும் ஒருநாள் ஆளக் கடிக்கத்தானே போவுது?"

"எப்படியும், எப்படியும்! எல்லாத்துக்கும் ஒரு எப்படியும் வச்சிருக்கீங்கடா! அது கறி திங்கிற ஜென்மம், கடிக்காதுன்னு நான் சொல்லல. ஃபாரஸ்ட்டுக்குப் போன் பண்ணு, கூண்டு வச்சுப் புடிச்சுட்டுப் போகட்டும். அது வரைக்கும் எவளும் படித்துறைக்குப் போக வேணாம். செய்யாத தப்புக்கு அது சாவாது. என் பேர்ல சாவாது."

பின்னாடி நின்ன பக்கத்து வூட்டு செல்வகுமாரி, "அமுதம் சொல்றது நெசந்தானே"ன்னா. ரெண்டு பேரு கடப்பாரையக் கீழ வச்சாங்க. அப்பாடான்னு மூச்சு வுட்டேன்.

"முதலை கெடக்கட்டும்"னு ஒரு குரல் வந்துச்சு. "சாமி கிடாவ வித்துக் குடிச்சவன இன்னா பண்றது?"

கூட்டம் அப்படியே பக்கிரி பக்கம் திரும்புச்சு. கீழ வச்ச கடப்பாரையக் குனிஞ்சு எடுத்தாங்க. இவங்க அடிக்கணும்னுதான் வந்திருக்காங்க, எத அடிச்சா இன்னான்னு எனக்கு அப்பதான் வெளங்குச்சு. பக்கிரி ஓடி வந்து என் முதுகுக்குப் பின்னாடி நின்னுக்கிட்டாரு. நாலு நாளா அந்த ஆளு மூஞ்சியில முழிக்கவே எனக்குப் புடிக்கல. இப்பவும் புடிக்கல.

"தள்ளிக்கக்கா"ன்னான் புகழ்வேந்தன்.

நான் தள்ளிக்கல.