பல்லில் வந்த விசில்

மைக்கின் பேட்டரி மூடி திறக்க மறுத்தது. பேருந்து நிலைய அறிவிப்பாளர் அதைப் பல்லால் நெம்பினார். மூடி இருந்த இடத்திலேயே இருந்தது; முன்பல்லில் பாதி மேசைமேல் விழுந்தது. ஸ்க்ரூ டிரைவர் சட்டைப்பையில்தான் இருந்தது. அறிவு எந்தப் பையில் இருந்ததோ தெரியவில்லை.

அடுத்த அறிவிப்பில் "சற்று நேரத்தில்" என்று தொடங்கியதும் தன் குரலோடு ஒரு விசிலும் வெளியேறுவது அவர் காதில் விழுந்தது. கண்டக்டர் ஒருவர் சன்னலில் தலையை நீட்டி, பல்லில் இருந்த ஓட்டையைப் பார்த்துச் சிரித்தார்.

"அண்ணே, விசில் அடிக்கிறது எங்க வேலை. பொழப்புல மண்ணைப் போடாதீங்க."

குரலை நம்பிச் சோறு தின்கிறவர் அவர். வீட்டில் மனைவியிடம், "மறைக்காம சொல்லு, விசில் வருதா?" என்றார்.

"முதல்ல சாப்பிடுங்க" என்றாள் அவள்.

தனியார் பல் மருத்துவமனையில் கம்பளம் கணுக்காலை விழுங்கியது. சோபாவில் உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தனி வைத்தியம் வேண்டும். டாக்டர் அவருடைய பல்லைச் சுவரளவுத் திரையில் காட்டினார். இடிந்த கோட்டை மாதிரி இருந்தது.

"விசில் போயிடுமா டாக்டர்?"

"உங்களுக்கு எந்த மாதிரி புன்னகை வேணும் சார்?"

உடைந்த பல்லுக்கு ஒரு கேப், உடையாத பற்களுக்குத் துணைக்குச் சில கேப், மிச்சத்துக்கு வெளுப்பு. டாக்டர் அடுக்கிக்கொண்டே போனார். விசிலைப் பற்றி மூச்சே இல்லை.

செலவுக்குப் பயந்து போன அரசு மருத்துவமனையில் சோபா தொல்லை கிடையாது, உட்காரவே இடமில்லை. சீட்டு எழுதுகிறவர் "உள்ள கேளுங்க" என்றார். உள்ளே இருந்தவர் "வெளிய கேளுங்க" என்றார். நடுவில் மிச்சமிருந்தது வாசற்படிதான். அதனிடமும் கேட்டிருப்பார், வரிசை அவரை முன்னே தள்ளிவிட்டது.

உள்ளே பல் பார்க்கும் நாற்காலி சாயாது. டாக்டரம்மாவே அவர் தலையைப் பிடித்துச் சாய்த்தார்.

"எதைக் கடிச்சீங்க?"

"மைக்கை."

"பசியா?"

அவர் வாயைப் பிளந்து காட்டினார். சின்னக் கண்ணாடியை உள்ளே விட்டுப் பார்த்த டாக்டரம்மா, "இன்னைக்கே அடைச்சு விட்டுடறேன்" என்றார்.

"விசில் போயிடுமா டாக்டரம்மா? இல்ல, பேசாம தனியார்லயே பண்ணிக்கட்டுமா?"

டாக்டரம்மா முகக்கவசத்தை இறக்கினார்.

"எங்க பண்ணாலும் போகாது. நான் தினமும் உங்க நிலையத்துலதான் பஸ் ஏறுறேன். பல்லு முழுசா இருந்தப்பவும் உங்களுக்கு விசில்தான்."