மெத்தென்ற பஞ்சு யாருக்கு?

நஞ்சம்மா தள்ளிவிட்ட பெட்டி தரையில் விழுந்ததுமே உள்ளே சலங் என்று சத்தம் கேட்டது. திறந்து பார்த்தால், மைக்ராஸ்கோப்பின் அடிக்கண்ணாடி சுக்குநூறு. வண்டியிலிருந்து விழுந்தாலும் உள்ளிருப்பது உடையாத பெட்டி வேண்டும் என்று பெங்களூர்க் கம்பெனி கேட்டிருந்தது. சோதித்துப் பார்க்கப் பழைய கருவி ஒன்றையும் கொடுத்திருந்தது.

புருஷன் இறந்த பிறகு ஓசூரில் அவனுடைய பெட்டிப் பட்டறையை ஒண்டியாக நடத்திக்கொண்டிருந்தாள். இந்த வேலை கிடைக்காவிட்டால் பட்டறையைப் பூட்டிவிட்டு ஊருக்கு வந்துவிடுவதாக அவளே வீம்புக்குச் சொல்லி வைத்திருந்தாள். அந்த வாயை என்ன செய்ய! புருஷனின் அண்ணன் திம்மராயன் வேப்பனப்பள்ளியிலிருந்து வண்டி கட்டிக்கொண்டே வந்துவிட்டார்.

"போதும்மா, தட்டுமுட்டெல்லாம் வண்டியில ஏத்து. தோப்புல மாங்கா பொறுக்க ஆளில்ல."

"மாங்கா பொறுக்கவா இத்தன நாளு உளியப் புடிச்சேன்? கம்பெனி ஆளு சாயங்காலந்தான் வராரு. அதுவரைக்கும் வண்டியில ஒரு சொம்புகூட ஏறாது மாமா."

"பாக்கறேன், பாக்கறேன்" என்று சிரித்துவிட்டு வண்டியடியில் படுத்தார் அவர்.

நஞ்சம்மாவுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. பெங்களூர்க் கடையில் மூன்று தினுசு ரப்பர் பஞ்சு காட்டியிருந்தார்கள். மூன்றையும் வாங்கி வந்து, தோப்புக்கார வீட்டுப் பழக்கத்தில், மாம்பழம் பார்ப்பது போலக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்து, நன்றாக அமுங்கியதையே பெட்டிக்குள் வைத்திருந்தாள். இப்போது இரும்புக்கால் கருவியைத் தூக்கி அதன்மேல் நிறுத்தினாள். பஞ்சு நசுங்கிப் பலகையோடு ஒட்டிக்கொண்டது. சும்மா நிற்கும்போதே இப்படியென்றால் விழும்போது எதைத் தாங்கும்?

"அட கூறுகெட்டவளே, பழமாடி வாங்கப் போன?" என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

கெட்டிப் பஞ்சு கருவியின் கனத்துக்கு அசையவே இல்லை; அதுவும் பலகையும் ஒன்றுதான். நடுத்தரப் பஞ்சு பாதிவரை அமுங்கி நின்றது, கருவியை எடுத்ததும் பழையபடி எழும்பியது. அதையே அறுத்துக் கருவியைச் சுற்றிலும் வைத்தாள். உடைந்த அடிக்கண்ணாடிக்குப் பதிலாக, முகம் பார்க்கும் கண்ணாடியை வெட்டிக் கருவியின் அடியில் பொருத்தினாள்.

சாயங்காலம் கம்பெனி ஆள் ராயப்பன் வந்ததும் பெட்டியை வண்டிமேல் ஏற்றினாள்.

"மாமா, நீங்களே தள்ளுங்க. ஒடஞ்சா அப்பவே வண்டி ஏறிடறேன்."

திம்மராயனுக்குக் கொள்ளைச் சந்தோஷம். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தள்ளக்கூட இல்லை, காலால் ஓங்கி ஒரு உதை விட்டார். பெட்டி உருண்டு விழுந்து புழுதி கிளப்பியது.

ராயப்பன் திறந்தார். கண்ணாடியில் கீறல்கூட இல்லை. எட்டிப் பார்த்த திம்மராயனின் மீசைதான் அதில் தெரிந்தது.

"வேல உங்களுக்குத்தாம்மா" என்றார் ராயப்பன்.

நஞ்சம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். அந்த மெத்தென்ற பஞ்சைக் கொண்டுவந்து வண்டியில், மாமா உட்காரும் இடத்தில் விரித்தாள்.

"உக்காருங்க மாமா. வழியெல்லாம் குண்டுங்குழியுமா கெடக்கு. வந்த வண்டி வெறுமையாவும் போகக் கூடாதில்ல?"